மக்கள் கதையை மக்களிடமே சேர்த்தவர்: பேராசிரியர் நா. வானமாமலை

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் செல்லும் பெருவழியில் நாங்குநேரி என்னும் ஊர் உள்ளது. வைணவர்கள் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் அதுவும் ஒன்று. அங்கே கோயில் கொண்டிருக்கும் பெருமாளுக்கு வானமாமலை என்று ஒரு பெயர் உண்டு. அவ்வூரில் 1917-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் பிறந்த ஓர் ஆண் குழந்தைக்கு அந்தப் பெருமாளின் பெயரையே இட்டார்கள். சாத்திரமும் ஆசாரமும் ஊறிப்போன அந்த ஊரில் பிறந்த அந்தக் குழந்தைதான் பின்னாளில் சுடலைமாடன் கொடையில் பாடப்படும் பாட்டையும், நாற்று நடும் பெண்களின் பாட்டையும், செருப்புத் தைக்கும் மக்களின் கதையையும் தமிழ் ஆராய்ச்சி உலகின் நடுவில் கொண்டுபோய் வைத்த பேராசிரியர் நா. வானமாமலை. நெல்லைச் சீமையில் அவரை நா.வா. என்றாலே தெரியும்.

நம் கல்லூரி மலர்களில் மகாகவி பாரதியைப் பற்றியும் கப்பலோட்டிய தமிழரைப் பற்றியும் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் எழுதிவிடுகிறோம். எழுத வேண்டியதுதான். ஆனால் நம் பாட்டிமார் சொன்ன கதைகளுக்கும் வரலாற்றில் இடம் உண்டு என்று வாதாடிய நா.வா.வைப் பற்றி எழுதுவோர் குறைவு. அந்தக் குறையைச் சிறிதளவு போக்கவே இக்கட்டுரை.

நா.வா. படித்து, ஆசிரியர் பயிற்சியும் பெற்று, மாவட்டக் கழக உயர்நிலைப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். நிரந்தரமான சம்பளம் தரும் அந்த வேலையை இடையிலேயே விட்டார். பொதுவுடைமை இயக்கத்தின்பால் அவருக்கு இருந்த ஈடுபாடு ஊரறிந்தது. பின்பு பாளையங்கோட்டையில் ஒரு தனிப்பயிற்சிக் கல்லூரியை நடத்தினார். அக்காலத்தில் தேர்வில் தவறிய பிள்ளைகளுக்கு அடுத்த வாய்ப்பைத் தந்தவை இத்தகைய தனிப்பயிற்சிக் கல்லூரிகளே. கல்லூரி வாசலை எங்கள் வீட்டில் முதன்முதலாக மிதித்தவன் என்ற முறையில் இதை நான் சாதாரணச் செய்தியாக எண்ணிக் கடந்துபோக இயலவில்லை. ஒருமுறை தவறினால் வயலுக்கோ கடைக்கோ போய்விட வேண்டியதுதான் என்றிருந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத்தான் அவர் தம் குடும்பத்தை நடத்தினார். பேராசிரியர் என்ற பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்கு முதலில் வழங்கவில்லை. நெல்லை மக்கள் தாமாகவே அவரைப் பேராசிரியர் என்று அழைத்தார்கள்.

அறிவியல் மாணவனாகிய நான் இங்கே ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். நாட்டுப்பாடல் ஆராய்ச்சியாளர் என்று மட்டும் அறியப்படும் நா.வா., இளைஞர்களுக்காக எளிய தமிழில் அறிவியல் நூல்களும் எழுதியவர். இரும்பின் கதை, ரப்பரின் கதை, பெட்ரோலியத்தின் கதை என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார். பெயரிலேயே கதை என்ற சொல் இருப்பதைப் பாருங்கள். கதையாகச் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். அதே நேரத்தில், கதை என்பதற்காக உண்மையைக் குறைத்துச் சொல்லலாம் என்று அவர் நினைக்கவில்லை. இந்தக் குணம் அவருடைய நாட்டார் கதை ஆராய்ச்சியிலும் தொடர்ந்தது.

தோழர் ப. ஜீவானந்தம் தொடங்கிய தாமரை இதழ் நாட்டுப்பாடல்களுக்கு இடம் அளித்தது. கிராமம் கிராமமாகச் சென்று பாடல்களைக் கேட்டு எழுதி அனுப்பும் இளைஞர் கூட்டம் ஒன்று உருவாயிற்று. எஸ்.எஸ். போத்தையா, எஸ்.எம். கார்க்கி, வாழப்பாடி சந்திரன் முதலியோர் அவ்வாறு உழைத்தவர்கள். அவர்கள் திரட்டியவற்றை வகைப்படுத்தி, விளக்கம் எழுதி, நா.வா. தமிழர் நாட்டுப்பாடல்கள் என்ற பெரிய தொகுப்பாக 1964-இல் வெளியிட்டார். தாலாட்டு, பிள்ளைகளின் விளையாட்டுப் பாட்டு, உழைப்பவர் பாட்டு, ஒப்பாரி எனப் பிறப்பு முதல் இறப்பு வரை ஒரு மனிதனின் வாழ்வு முழுவதும் அதில் அடங்கிக் கிடக்கிறது. சேகரித்தவர்களின் பெயர்களை மறைக்காமல் வெளியிட்டது அவர் பண்பு. பிறர் உழைப்பைத் தம் பெயரில் போட்டுக் கொள்ளும் பெரியவர்கள் அன்றும் இருந்தார்கள்.

அதுவரை இப்பாடல்களைப் படித்தவர்கள் எப்படிப் பார்த்தார்கள்? சிலர் அவற்றைக் கொச்சை என்று ஒதுக்கினார்கள். சிலர் அழகு பார்த்து ரசித்துவிட்டு மூடி வைத்தார்கள். நா.வா. அவற்றைச் சான்றாகப் பார்த்தார். ஒரு தாய் தாலாட்டில் தன் பிள்ளைக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று பாடுகிறாளோ அதைக் கொண்டே அவள் வீட்டில் என்ன இல்லை என்பதைக் கண்டுபிடிக்கலாம். மாமன் கொண்டுவரும் சீரைக் கொண்டு அந்தக் குடும்பம் செய்யும் தொழிலை அறியலாம். கல்வெட்டும் செப்பேடும் அரசன் சொன்னதைச் சொல்லும். அரசனுக்கு வரி கட்டியவன் என்ன நினைத்தான் என்று அறிய வேண்டுமானால் அவன் பாட்டைத்தான் கேட்க வேண்டும். இதுவே அவர் வழி.

அடுத்து அவர் கை வைத்தது கதைப்பாடல்களில். நம் பக்கத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு இல்லாத கொடை கிடையாது. பெரிய வில்லைக் குடத்தின்மேல் வைத்துக் கட்டி, அண்ணாவி வீசுகோலால் நாணைத் தட்ட, உடுக்கையும் தாளமும் கட்டையும் சேர, விடிய விடியக் கதை நடக்கும். அங்கே பாடப்படும் கதைகளில் சில தெய்வங்களின் கதைகள். பல, கொலையுண்ட மனிதர்கள் தெய்வமான கதைகள். மதுரைப் பல்கலைக்கழகம் கேட்டுக் கொண்டபடி இக்கதைப்பாடல்களை ஆராய்ச்சி முன்னுரைகளுடன் நா.வா. பதிப்பித்தார். 1971-இல் முத்துப்பட்டன் கதை, காத்தவராயன் கதைப்பாடல், வீரபாண்டியக் கட்டபொம்மு கதைப்பாடல் ஆகியவை வந்தன. 1972-இல் கான்சாகிபு சண்டை வந்தது. வள்ளியூரை ஆண்ட ஐந்து பாண்டியச் சகோதரர்களின் கதையாகிய ஐவர் ராசாக்கள் கதையும் அவர் பதிப்பித்ததே. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799-இல். கான்சாகிபு மதுரையில் தூக்கிலிடப்பட்டது 1764-இல். வெள்ளையர் எழுதிய ஆவணங்களில் இவ்விருவரும் கலகக்காரர்கள். பாமரர் பாட்டில் இவர்கள் வேறு மனிதர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை நா.வா.வின் முன்னுரைகள் நமக்குக் கற்றுத் தருகின்றன.

இவற்றுள் தாமிரபரணிக் கரையில் பிறந்த நமக்கு மிக நெருக்கமானது முத்துப்பட்டன் கதை. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முத்துப்பட்டன் அந்தணன். அண்ணன்மார் பலருக்கு இளையவன். அவர்களோடு மனம் ஒவ்வாமல் வீட்டை விட்டு மலையாள நாட்டுக்குப் போய் அங்கே ஓர் அரசனிடம் வேலை பார்க்கிறான். வருடங்கள் கழித்து அண்ணன்மார் தேடிவந்து, திருமணம் செய்து வைப்பதாகச் சொல்லி அழைத்து வருகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து வரும்போது ஓரிடத்தில் அவன் பின்தங்குகிறான். அங்கே பாடிக் கொண்டிருந்த பொம்மக்கா, திம்மக்கா என்னும் இரு சகோதரிகளைக் காண்கிறான், மனம் பறிகொடுக்கிறான். அவர்கள் அருந்ததியர் குலத்தில் தோன்றிய வாலப்பகடையின் மக்கள். பயந்து ஓடித் தந்தையிடம் முறையிடுகிறார்கள். வாலப்பகடை கோபத்தோடு வருகிறான். வந்தவன் முன்னால் பட்டன் பெண் கேட்கிறான்.

வாலப்பகடை பெண்ணைக் கொடுக்க மறுக்கவில்லை. ஆனால் நிபந்தனை விதிக்கிறான். குடுமியை அறுக்க வேண்டும், பூணூலைக் கழற்ற வேண்டும், செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், தங்களுள் ஒருவனாக வாழ வேண்டும். பட்டன் சம்மதிக்கிறான். அண்ணன்மார் அவனை அடைத்து வைக்கிறார்கள், தப்பி வருகிறான். குடுமியும் பூணூலும் போகின்றன. தோலை எடுத்துச் செருப்புத் தைத்துக் கடைத்தெருவில் கொண்டுபோய் விற்கிறான். திருமணம் நடக்கிறது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வாலப்பகடையின் பொறுப்பில் இருந்த மாடுகளைக் கள்வர் ஓட்டிச் செல்கிறார்கள். மாமனாரின் கடமை மருமகனுக்கும் கடமைதானே. பட்டன் சென்று கள்வரை வெட்டி வீழ்த்துகிறான். பின் ஆற்றில் இரத்தக் கறையைக் கழுவும்போது, ஒளிந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்திக் கொல்கிறான். அவன் வளர்த்த நாய் ஓடிவந்து செய்தியை உணர்த்துகிறது. பொம்மக்காவும் திம்மக்காவும் சிங்கம்பட்டிக்குச் சென்று அனுமதி பெற்று, அவன் சிதையிலேயே உயிர் விடுகிறார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றுக் காட்டில் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயன் என்ற பெயரோடு இன்று நிற்பவன் இந்த முத்துப்பட்டனே. இரண்டு மனைவியரும் உடன் நிற்கிறார்கள்.

இனிமேல்தான் நா.வா. நமக்கு முக்கியமாகிறார். இக்கதை வில்லுப்பாட்டில் பாடப்படும்போது பல இடங்களில் தொடக்கத்திலேயே ஒரு செய்தி சேர்ந்துவிடுகிறது. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் அந்தணக் குழந்தைகளாம். பிறந்தவுடன் காட்டில் விடப்பட்டார்களாம். அவர்களை வாலப்பகடை கண்டெடுத்து வளர்த்தானாம். இப்படிச் சொல்லிவிட்டால் என்ன ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். பட்டன் மணந்தது தன் சாதிப் பெண்களையே. அவன் குடுமியை அறுத்ததும் வீண். செருப்புத் தைத்ததும் வீண். எவரும் எதையும் மீறவில்லை. கேட்பவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

இது பிற்காலத்தில் வைத்துத் தைத்த ஒட்டு என்று நா.வா. எடுத்துக் காட்டினார். கதையின் உள்ளே இருக்கும் நிகழ்ச்சிகளே அதற்குச் சான்று. வாலப்பகடை தன் குலத்தைச் சொல்லி நிபந்தனை விதிப்பதும், அண்ணன்மார் அவனை அடைத்து வைப்பதும், கடைத்தெருவில் அவன் செருப்பு விற்பதும் அந்த ஒட்டோடு பொருந்தவில்லை. ஆய்வுக்கூடத்தில் திண்மப் பொருள் ஒன்றில் வேற்றுப்பொருள் கலந்திருந்தால் உருகுநிலை மாறிக் காட்டிக் கொடுக்கும் அல்லவா? அதுபோலக் கதையின் நடுப்பகுதி அதன் முகப்பைக் காட்டிக் கொடுக்கிறது.

இந்த ஒரு கதையோடு நின்றிருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். மதுரைவீரனைப் பாருங்கள். அருந்ததியர் வீட்டில் வளர்ந்த வீரன். ஆனால் பிறந்தது காசி ராசன் மகனாக என்கிறது கதை. காத்தவராயனைப் பாருங்கள். ஆரியமாலை என்னும் அந்தணப் பெண்ணை விரும்பிக் கழுவேறிய காவல்காரன். ஆனால் அவன் சாபத்தால் பூமியில் பிறந்த தெய்வக் குழந்தை என்று கதை தொடங்குகிறது. மூன்று கதைகளிலும் ஒரே ஊசி, ஒரே நூல். இரண்டு கதைகளில் தலைவனின் பிறப்பை உயர்த்தினார்கள். முத்துப்பட்டன் கதையில் தலைவன் ஏற்கனவே அந்தணன் ஆகையால் தலைவியரின் பிறப்பை உயர்த்தினார்கள். மதுரைவீரன் 1956-இலும் காத்தவராயன் 1958-இலும் திரைப்படங்களாக வந்து நாடு முழுவதும் ஓடின. படம் பார்த்த பிள்ளைகளுக்கு எந்தக் கதை போய்ச் சேர்ந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இப்படித் திருத்துவது நம் நாட்டில் மட்டும் நடந்ததன்று. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-இல் நாட்டார் கதைகளை முதன்முதலாக வெளியிட்டபோது, பனிவெண்மை என்னும் சிறுமியைக் கொல்லத் துணிந்தவள் பெற்ற தாயே. 1819-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். குழந்தைகள் படிக்கும் நூல் ஆயிற்றே என்ற கவலை. அந்த மாற்றத்திலாவது ஓர் இரக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் நடந்தது வேறு வகை. பெரிய ஏரிகளின் கரையில் வாழும் ஒஜிப்வே என்னும் பழங்குடியினரின் கதைகள், ஜேன் ஜான்ஸ்டன் என்ற பெண்மணிக்கு அவருடைய ஒஜிப்வே தாயின் வழியாகக் கிடைத்தன. அவரும் அவர் குடும்பத்தாரும் சொன்ன கதைகள் பலவற்றை அவர் கணவர் ஹென்றி ஸ்கூல்கிராப்ட் 1839-இல் நூலாக்கினார். முகப்பில் இருந்தது கணவர் பெயர். 1855-இல் லாங்பெல்லோ என்னும் பெருங்கவிஞர் அந்நூலிலிருந்து கதைகளை எடுத்துக் காவியம் பாடினார். ஒஜிப்வே மக்களின் கதைத்தலைவன் நானபோசோ. கவிஞரோ அவன் செய்த செயல்களை எடுத்து, இரொக்குவா என்ற வேறொரு இனத்தாரின் வீரனாகிய ஹயவதாவின் பெயரில் ஏற்றிவிட்டார். பள்ளிப் பிள்ளைகள் அதைத்தான் மனப்பாடம் செய்தார்கள். கதைக்கு உரியவர்களின் பிள்ளைகளும் அதே பள்ளிகளில் அதையே படிக்க நேர்ந்தது. நம் வாலப்பகடைக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே: கதை நிலைத்தது; கதைக்கு உரியவனின் பெருமை வேறொருவர் கணக்கில் போயிற்று.

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக அம்பாசமுத்திரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பத்து நாட்கள் தங்கினோம். மாலை நேரங்களில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்வது எங்கள் குழுவின் வேலை. நாங்கள் பஞ்சதந்திரக் கதைகளைச் சொல்லி முடித்ததும், ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, தனக்கும் ஒரு கதை தெரியும் என்று முத்துப்பட்டன் கதையைச் சொன்னான். கொடையில் கேட்டதாம். அண்ணாவியைப் போலவே கை வீசிச் சொன்னான். அந்தப் பெண்கள் பிறப்பால் அந்தணர்கள் என்ற இடத்தை மட்டும் இரண்டு முறை சொன்னான். கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுமி, அப்படி இல்லாவிட்டால் அவர் கல்யாணம் செய்திருக்க மாட்டாரா அண்ணே என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அந்தச் சிறுமி ஊரின் எந்தத் தெருவிலிருந்து வந்தவள் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். செய்திருப்பார், செய்தார், அதனால்தான் அது கதையாயிற்று என்று நான் பதில் சொன்னேன். நூலகத்தில் நா.வா. பதிப்பித்த நூலை அதற்குச் சில மாதங்களுக்கு முன் படித்திருந்ததால் தயங்காமல் சொல்ல முடிந்தது.

நாட்டார் கதைகளைக் குழந்தைகளுக்குச் சொல்வதில் உள்ள சிக்கல் இதுதான். இரண்டு பெண்கள் சிதையில் விழுந்து உயிர் விடுவதைப் பத்து வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? அதைச் சுருக்கிச் சொல்லலாம். பெரியவர்கள் ஆனபின் அறிந்துகொள்ளட்டும் என்று விட்டும் வைக்கலாம். அது பக்குவம். வாலப்பகடையின் மகள்களை வாலப்பகடையின் மகள்கள் அல்ல என்று சொல்வது பக்குவத்தில் சேராது. முன்னதில் குழந்தைக்கு நன்மை உண்டு. பின்னதில் நன்மை பெறுபவர் வேறு யாரோ.

நா.வா.வின் கருத்துக்களை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. எதை எடுத்தாலும் வர்க்கக் கண்ணோட்டத்தோடு பார்க்கிறார் என்று குறை கூறியவர்கள் உண்டு. எனக்கும் ஓர் எண்ணம் உண்டு. அந்த ஒட்டைத் தைத்த வில்லுப்பாட்டுக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. கொடை நடத்துபவரும் பணம் கொடுப்பவரும் மேல்சாதிக்காரராக இருந்த ஊரில், உள்ளது உள்ளபடி பாடிவிட்டு அவர் உயிரோடு ஊர் திரும்ப வேண்டாமா? ஒருவேளை முகப்பில் அந்தப் பொய்யை வைத்ததனால்தான் நடுவில் இருக்கும் உண்மையை இத்தனை காலம் பாட முடிந்ததோ என்னவோ. ஆகவே அந்த ஒட்டும் அழிக்கப்படாமல் ஏட்டில் இருக்கத்தான் வேண்டும். அது ஒட்டு என்ற குறிப்போடு இருக்க வேண்டும். கதையின் பல வடிவங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் நா.வா.வின் முறையிலிருந்தே இந்த எண்ணம் எனக்கு வந்தது.

தாம் ஒருவரே ஆராய்ந்து பெயர் வாங்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. 1967-இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். மாதந்தோறும் கூடுவார்கள். ஒருவர் கட்டுரை படிக்க, மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். முனைவர் பட்டம் இருக்கிறதா என்று வாசலில் யாரும் கேட்கவில்லை. பள்ளி ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் இயக்கத் தொண்டர்களும் கல்லூரிப் பேராசிரியர்களோடு ஒன்றாக உட்கார்ந்தார்கள். 1969-இல் ஆராய்ச்சி என்ற காலாண்டிதழையும் தொடங்கினார். விளம்பரமோ கவர்ச்சிப் படமோ இல்லாத அத்தகைய இதழைக் கைக்காசு போட்டு நடத்துவது எவ்வளவு கடினம் என்பது, ஆண்டுக்கொரு மலர் போடுவதற்கே படாதபாடு படும் நமக்குத் தெரியும். அந்தக் குழுவில் பயின்றவர்களுள் ஒருவரான தூத்துக்குடிப் பேராசிரியர் ஆ. சிவசுப்பிரமணியன் பிற்காலத்தில் நாட்டார் வழக்காற்றியலில் பெரும்புகழ் பெற்றார்.

தமிழர் வரலாறும் பண்பாடும், தமிழர் பண்பாடும் தத்துவமும், பழங்கதைகளும் பழமொழிகளும் என்று அவர் எழுதிய நூல்கள் பல. எல்லாவற்றையும் நான் படித்தவன் அல்லன். படித்த வரையில், கடினமான பொருளையும் பள்ளி ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைப் போன்ற நடையில் சொல்கிறார். திராவிட மொழியியல் கழகம் அவருடைய ஆங்கில நூல் ஒன்றைத் திருவனந்தபுரத்திலிருந்து 1981-இல் வெளியிட்டது. தமிழ் நாட்டார் படைப்புக்களைப் பற்றிய அந்நூலை அச்சில் பார்க்க அவர் இல்லை. 1980 பிப்ரவரி 2-ஆம் நாள், தம் அறுபத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார்.

அவர் மறைந்தபின் நாட்டார் வழக்காறு கல்லூரிப் பாடமாயிற்று. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் அதற்கெனத் தனித்துறையே ஏற்பட்டது. வெளிநாட்டு அறிஞர்கள் நம் வில்லுப்பாட்டைக் கேட்டு நூல் எழுத வந்தார்கள். அமெரிக்கரான ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் வெளியிட்ட வில்லுப்பாட்டு ஆய்வில் முத்துப்பட்டன் கதையும் இடம் பெற்றது. நா.வா.வின் நூல்களை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் மறுபதிப்புச் செய்து வருகிறது. நம் மாவட்ட மைய நூலகத்துக்குச் செல்லும் நண்பர்கள் முத்துப்பட்டன் கதையைக் கேட்டுப் பார்க்கலாம். பழைய தாள், மெதுவாகப் புரட்ட வேண்டும்.

ஆடி அமாவாசையன்று காரையாற்றுக்குப் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். வண்டி கட்டிச் சென்ற காலம் போய் இப்போது பேருந்துகளிலும் வேன்களிலும் மக்கள் திரளாகப் போகிறார்கள். புலிகள் காப்பகமாகிவிட்ட அந்தக் காட்டுக்குள் ஆற்றங்கரையெங்கும் குடில்கள் போட்டுத் தங்குகிறார்கள். எல்லாச் சாதிக்காரரும் அங்கே வருகிறார்கள். மற்றக் கோயில்களில் செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போவோம். பட்டவராயன் சந்நிதியில் தோல் செருப்பே காணிக்கை. நேர்ந்துகொண்டவர்கள் புதிதாகத் தைத்த செருப்பைக் கொண்டுவந்து கட்டுகிறார்கள். அடுத்த ஆண்டு வந்து பார்த்தால் அதன் அடிப்பாகம் தேய்ந்திருக்கும், இரவில் அவர் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறார் என்கிறார்கள்.